தற்செயல் விடுப்பு

ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள்.
ஆடி முடியுமுன் ஏழு தீர்ந்துவிட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
ஒவ்வொரு முறையும் 'சொந்த வேலை' என்றே எழுதுகிறேன்.
மின்வாரியக் கணக்குப் பிரிவில்
எனக்கு என்ன வியாதி என்று
பந்தயமே ஓடுவதாகச் சொன்னாள் பிலோமினா.

ஒன்பதரைக்குக் காப்பக வாசலில் நிற்பாள்,
எண்ணெய் வைத்து இறுக்கிய சடை,
வேறு யாருக்கோ தைத்த சுடிதார்.
பெயரை எழுத மாட்டேன். சட்டம் அப்படி.
சட்டத்துக்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்:
"எங்கயும் என் பேரைப் போடாதீங்க.
கிளாஸ்ல அதே பேர்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க,
பாவம்."

வழக்கைப் பற்றி நாங்கள் பேசக்கூடாது.
பேசினால்
சொல்லிக்கொடுத்த சாட்சி என்று
எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.
ஆகவே ஆரப்பாளையத்தில் ஏறி
மாட்டுத்தாவணியில் இறங்கும்வரை
எங்களுக்கு வேறென்னென்னவோ வேண்டியிருக்கிறது:
வைகைக்குள் மேயும் எருமைகள்,
அறுந்த வால் பல்லிக்கு வலிக்குமா,
ஒரு கொய்யாவில் எத்தனை விதை.

ஒரு வாய்தாவில் வக்கீல்கள் புறக்கணிப்பு.
ஒன்றில் அவனை அழைத்துவரக் காவலர் இல்லை.
ஒன்றில் பெயர் கூப்பிட்டதும்
அவள் என் செருப்பின்மேல் வாந்தியெடுத்தாள்.
ஐந்தாவதில் அவள் அம்மா கூண்டேறி
"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலைங்க" என்றாள்.
செங்கல் சூளைக்குத் திரும்பும் அவசரத்திலும்
என்னிடம் ஒரு தூக்குவாளியைத் தந்துவிட்டுப் போனாள்.
உள்ளே எட்டுப் பணியாரம்.
எட்டையும் அவளே தின்றாள்.
எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

குற்றப்பத்திரிகையில் அவனுக்குப் பெயர் 'எதிரி'.
ஊரில் தாய்மாமன். முதல் மாலை, முதல் மொய்.
அவன் மடியில் உட்காரவைத்துக்
குலசாமி முன்னால் குத்திய காதுகள்.
காப்பகத்தில் சேர்ந்த அன்று
கம்மலைக் கழற்றிப் பதிவேட்டில் ஏற்றினார்கள்.
தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி போட்டுக்கோ
என்றிருக்கிறாள் சமையல்கார அக்கா.
மாட்டேன் என்றுவிட்டாள்.
பஸ்ஸில் அடிக்கடி
மடலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்,
முடிந்துவிட்டதா என்று.

"பாப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?"
டவாலிக்குத் தினம் இந்தக் கேள்வி.
அம்மாவா, சித்தியா, போலீசா?
ஆதரவு நபர் என்றேன்.
"அப்படி ஒரு முறை இருக்கா?"
கிண்டல் இல்லை. நிஜமாகவே
விரல்விட்டு யோசித்துப் பார்த்தார்.

ஏழாவது வாய்தா.
அங்கி போடாத நீதிபதி, அரக்குச் சேலை.
ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கியது போலொரு திரை.
திரைக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள்.
எனக்கு அது வெறும் இருமல்.
அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

"யார்கூடம்மா வந்திருக்க?"
"லீவு போட்டுட்டு வர்றவங்ககூட."

நீதிபதி பேனாவை மூடினார், திறந்தார்.
"பொய் சொன்னா என்ன ஆகும், தெரியுமா?"
எல்லாக் குழந்தைகளும் சொல்வது:
சாமி கண்ணைக் குத்தும்.
அவள் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்:
"பொய் சொன்னா வீட்டுக்குப் போகலாம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.
பிறகு, யாரும் தூண்டாமல்,
அவள் சொல்லத் தொடங்கினாள்.
அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.
அது நாற்பது நிமிடம்.
இடையில் ஒருமுறை தண்ணீர் கேட்டாள்.

குறுக்கு விசாரணைக்குச் செப்டம்பரில் தேதி.
அன்றைக்குக் கணக்குப் பரீட்சை.
திரும்பும் பஸ்ஸில்
நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.
"நானும் லீவ் லெட்டர் எழுதணும்ல.
காரணம்னு என்ன போட?"
சொந்த வேலை என்று போடு என்றேன்.

குனிந்தாள். பேனா நின்றது.
"சொந்தத்துக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

சுழி இல்லாதது, என்றேன்.